முனையைப் பார்த்தால் போதுமா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மான் வேட்டைக்குப் போகிறவர் தனக்குப் பிடித்த தோட்டாவை எடுத்துச் செல்ல முடியாது. மென்முனைத் தோட்டா அல்லது குழிமுனைத் தோட்டா தவிர வேறெதையும் ரைஃபிளில் போடக் கூடாது என்கிறது 1991-ஆம் ஆண்டின் மான்கள் சட்டம். காரணம் கருணை. முழுக்க உலோக உறை போர்த்திய தோட்டா மானின் உடலை ஊசிபோலத் துளைத்து மறுபக்கம் வெளியேறிவிடக்கூடும். அடிபட்ட மான் புதருக்குள் ஓடி, யார் கண்ணிலும் படாமல் துடித்துச் சாகும். மென்முனைத் தோட்டா உள்ளே நுழைந்ததும் நசுங்கி விரிந்து மானைச் சீக்கிரம் சாய்த்துவிடும். அதே நாட்டின் படைவீரர் போரில் எதிரி மீது அந்தத் தோட்டாவைச் சுட்டால், அது போர்க்குற்றமாகலாம். அங்கேயும் சொல்லப்படும் காரணம் கருணைதான். இதை முரண் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. வேட்டையில் கொல்வதே நோக்கம், அதை விரைவாகச் செய்ய வேண்டும். போரில் எதிரியைச் செயலிழக்கச் செய்தாலே போதும் என்பது சட்டத்தின் கணக்கு. என் குறை வேறு. இரண்டு சட்டங்களுமே தோட்டாவின் மூக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கின்றன. அது உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்பதை அளந்து பார்க்க ஒரு கருவி வந்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. மானைப் பொறுத்தவரை மூக்கைப் பார்ப்பதால் பெரிய கேடில்லை. மனிதனைப் பொறுத்தவரை, அந்தப் பார்வை பல தோட்டாக்களைத் தப்பவிட்டிருக்கிறது.

ரைஃபிள் தோட்டாவின் உடல் பெரும்பாலும் ஈயம். ஈயம் மெத்தென்றிருப்பது, அதிவேகத்தில் குழாயின் உள்வரிகளில் உரசினால் வழித்துக்கொண்டு போகும். அதனால் செம்புக் கலவையிலோ எஃகிலோ ஒரு சட்டை போடுகிறார்கள். சட்டை முனைவரை மூடியிருந்தால் முழு உறைத் தோட்டா. முனையில் கொஞ்சம் ஈயம் வெளியே தெரிந்தால் மென்முனை. உடலுக்குள் இரண்டும் நடந்துகொள்ளும் வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்க்க வேண்டும். பன்றித்தோல், மாட்டுத்தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கும் அதே ஜெலட்டின்தான். இனிப்பு ஜெல்லியில் சேர்வதும் இதன் உறவே. எடையில் 10 சதவீதம் ஜெலட்டின், மீதி தண்ணீர் என்று கரைத்து, 4 டிகிரி செல்சியஸில் உறைய வைக்கிறார்கள். இந்த அளவை நிலைநிறுத்தியவர் மார்ட்டின் ஃபேக்லர் என்ற அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர். வியட்நாம் போரில் குண்டடிபட்டவர்களுக்கு அறுவை செய்தவர். பிறகு 1980-களில் சான் பிரான்சிஸ்கோவின் லெட்டர்மேன் ராணுவ ஆய்வு நிலையத்தில் பன்றியின் தொடைத்தசையில் தோட்டா போகும் ஆழத்தையும் ஜெலட்டினில் போகும் ஆழத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்துகிற கலவையைக் கண்டார். தராசைச் சோதிக்கப் படிக்கல் வைப்பதுபோல இதற்கும் ஒரு சோதனை உண்டு. 4.5 மி.மீ. எஃகுக் குண்டு ஒன்றை வினாடிக்குச் சுமார் 180 மீட்டர் வேகத்தில் கட்டிக்குள் சுட வேண்டும். அது ஏறத்தாழ எட்டரை சென்டிமீட்டரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தக் கட்டியில் எடுக்கும் அளவுக்கு மதிப்பில்லை.

மென்முனைத் தோட்டா இந்தக் கட்டிக்குள் நுழைந்த முதல் சில சென்டிமீட்டருக்குள் தலை விரிந்து காளான் வடிவம் எடுக்கிறது. அதைச் சுற்றி ஜெலட்டின் ஒரு கணம் பலூன்போல ஊதி, மறுகணம் சுருங்குகிறது. அதிவேகக் கேமராவில் மட்டுமே பிடிபடும் இந்த ஊதலைத் தற்காலிகக் குழிவு என்கிறார்கள். சுருங்கிய பின் எஞ்சி நிற்பது தோட்டாவே நசுக்கிய பாதை. அது நிரந்தரக் குழிவு. தெறித்த ஈயத்துணுக்குகள் பாதையைச் சுற்றி விலகிக் கிடக்கும். ஃபேக்லரின் முக்கியமான கண்டுபிடிப்பு இவ்விரண்டின் சேர்க்கையில் இருக்கிறது. தசை இழுவைத் தாங்கக்கூடியது. வெறும் ஊதல் பெரும்பாலும் அதைக் கிழிப்பதில்லை. ஆனால் துணுக்குகள் முன்பே பல இடங்களில் ஓட்டை போட்டுவிட்டால், அந்த ஊதல் வரும்போது ஓட்டைக்கு ஓட்டை கிழிந்து பெரும்பள்ளம் விழுகிறது. ஆகவே விரிவதைவிடச் சிதறுவதே கொடியதாக இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் வரலாறு வேறு மாதிரித் தெரியும்.

இந்த வரலாறு தொடங்குவது நம் நாட்டில். கொல்கத்தா விமான நிலையம் இருக்கும் டம்டம் பகுதியில் பிரிட்டிஷ் இந்திய அரசின் தோட்டாத் தொழிற்சாலை இருந்தது. பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் பருத்த ஈயக் குண்டை விட்டு, 1888-க்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவம் சிறுவாய் கொண்ட லீ-மெட்ஃபோர்டுக்கு மாறியது. நம் ஊர்க் காவலர்கள் தோளில் பிற்காலத்தில் பார்த்த த்ரீ-நாட்-த்ரீயின் முன்னோடி அது. 1895-இல் வடமேற்கு எல்லையில் நடந்த சித்ரால் படையெடுப்பில், புதிய உறைத் தோட்டா பட்டும் எல்லைப்புறப் பழங்குடி வீரர்கள் நிற்காமல் முன்னேறி வருகிறார்கள் என்று புகார் எழுந்தது. டம்டம் தொழிற்சாலையின் பொறுப்பில் இருந்த கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே, உறையின் முனையைச் சற்றே விலக்கி ஈயத்தை வெளியே தெரியவிட்டார். ஊரின் பெயரே தோட்டாவின் பெயராகி, இன்றும் உலகெங்கும் அந்த வகைக்கே பொதுப்பெயராக நிற்கிறது.

அதைத் தடை செய்யும் இயக்கத்துக்கு அடித்தளம் போட்டதும் ஒரு சோதனையே. அந்தச் சோதனை தப்பானது என்பதுதான் வேடிக்கை. ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவப் பேராசிரியர் பால் ஃபான் புரூன்ஸ், மென்முனைத் தோட்டாக்கள் ஏற்படுத்தும் பயங்கரக் காயங்களை 1898-இல் வெளியிட்டார். ஐரோப்பாவே அதிர்ந்தது. ஆனால் அவர் சுட்டது டம்டம் தோட்டாவை அல்ல. வேட்டைக்கென்று செய்யப்பட்ட, முனையில் ஈயம் நீண்டு தெரிகிற மௌசர் தோட்டாவை. டம்டத்தில் வெளியே தெரிந்த ஈயமோ மிகக் கொஞ்சம். ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் இந்த வேறுபாட்டைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அதே ஆண்டே எடுத்துக்காட்டினார். சீழ்ப்புண்ணுக்குக் காரணமான ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியை இனங்கண்டு பெயர் வைத்தவர் அவர். காயங்களைப் பற்றிப் பேசத் தகுதியானவர்தான். தன் நாட்டுத் தோட்டாவுக்காகப் பரிந்து பேசினார் என்று அவரை ஒதுக்கிவிடலாம். ஆயினும் அவர் கேட்ட கேள்வி சரியானது: ஒரு தோட்டாவைச் சுட்டுவிட்டு இன்னொன்றைக் குற்றவாளியாக்கலாமா? 1899-இல் ஹேக் மாநாட்டில் இதே வாதத்தைப் பிரிட்டனின் பிரதிநிதி சர் ஜான் ஆர்டா முன்வைத்தபோது அது எடுபடவில்லை. அவர் அதோடு நின்றிருக்கலாம். நாகரிகப் படைவீரன் குண்டு பட்டால் நின்றுவிடுவான், காட்டுமிராண்டியோ உடலில் எத்தனை துளை விழுந்தாலும் பாய்ந்து வருவான் என்றும் பேசி, தன் வாதத்தைத் தானே கெடுத்துக்கொண்டார்.

அவர் கேவலமாகச் சொன்னதை மற்ற நாடுகள் நாகரிகமாகச் செய்தன என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை. 1899 ஜூலை 29-இல் உருவான ஹேக் பிரகடனம், ஒப்பந்த நாடுகள் தங்களுக்குள் போரிடும்போது மட்டுமே தம்மைக் கட்டுப்படுத்தும் என்று எழுதி வைத்தது. எந்த மக்களின் உடலில் டம்டம் தோட்டா முதலில் பாய்ந்ததோ, அந்தப் பழங்குடிகள் அந்த மேஜையில் இல்லை. அந்தத் தடையின் நிழலும் அவர்கள்மேல் படவில்லை. பிரிட்டனும் அமெரிக்காவும் அப்போது எதிர்த்தே வாக்களித்தன. பிரிட்டன் 1907-இல் இணங்கியது. அமெரிக்கா இன்றுவரை அதில் சேரவில்லை. அளவீடு இல்லாத சட்டத்தில் யாருடைய வலி கணக்கில் வரும் என்பதை அதிகாரம் தீர்மானிக்கிறது. ஜெலட்டின் கட்டிக்கு நாகரிகனும் தெரியாது, காட்டுமிராண்டியும் தெரியாது.

பிரகடனத்தின் வாசகத்தைக் கவனித்துப் படித்தால் அதில் இரண்டு பகுதிகள் இருப்பது புலப்படும். மனித உடலில் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் தோட்டாக்களைத் தடை செய்கிறது முதல் பகுதி. இது விளைவைப் பற்றியது. கருவை முழுதும் மூடாத உறை கொண்டவை, உறையில் வெட்டுகள் போட்டவை போன்றன என்று எடுத்துக்காட்டுச் சொல்கிறது அடுத்த பகுதி. இது வடிவத்தைப் பற்றியது. எளிதில் என்றால் எவ்வளவு எளிதில் என்பதற்கு அன்று அளவுகோல் இல்லை. ஆகவே நூறாண்டுப் பழக்கத்தில் எடுத்துக்காட்டே சட்டமாகிவிட்டது. முனை மூடியிருக்கிறதா, சரி, திறந்திருக்கிறதா, தவறு. ஆயுதம் செய்பவர்களுக்கு இதைவிட வசதியான விதி வேறு கிடையாது.

1910-இல் பிரிட்டன் ஏற்றுக்கொண்ட ஏழாம் மாதிரி த்ரீ-நாட்-த்ரீ தோட்டாவை எடுத்துக்கொள்வோம். இரண்டு உலகப் போர்களிலும் கோடிக்கணக்கில் சுடப்பட்டது. முனைமுதல் முழுக்க மூடிய உறை. ஹேக் பிரகடனத்துக்கு ஒரு குறையும் வைக்காதது. ஆனால் உறைக்குள்ளே முனைப் பகுதியில் ஈயம் கிடையாது. அங்கே அலுமினியத்தையோ மரக்கூழையோ அடைத்திருந்தார்கள். அதனால் எடை பின்பக்கம் சாய்ந்தது. கூர்முனைத் தோட்டா எதுவுமே காற்றில் நேராகப் பறப்பது தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளும் வேகத்தால். காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்ந்த தசைக்குள் அந்தச் சுழற்சி போதாமல், பின்கனம் முன்னே வரப் பார்த்துக் குட்டிக்கரணம் அடிக்கும். ஏழாம் மாதிரி சீக்கிரமே அடித்தது. நோக்கம் காயமா, பறக்கும் திறனா என்று ராணுவ வரலாற்றாளர்கள் வாதிட்டுக்கொண்டே இருக்கலாம். சதைக்குள் குறுக்காகத் திரும்பிய தோட்டாவின் வேலை, விரிந்த தோட்டாவின் வேலையிலிருந்து பெரிதாக வேறுபடாது. சட்டமோ முன்னதைக் கண்டுகொள்ளவில்லை.

ஃபேக்லரின் கட்டிகள் இந்த ஓட்டையை இன்னும் தெளிவாகக் காட்டின. வியட்நாமில் அமெரிக்கா பயன்படுத்திய எம்-16 துப்பாக்கியின் 5.56 மி.மீ. தோட்டா முழு உறை கொண்டது. அருகிலிருந்து சுட்டால், ஜெலட்டினில் சுமார் 12 சென்டிமீட்டர் போனதும் புரண்டு, உறையைச் சுற்றி ஓடும் நடுவரிப் பள்ளத்தில் முறிந்து, பின்பாதி தூள்தூளாகச் சிதறுகிறது. தொலைவு கூடி வேகம் தணிந்தால் உடைவது நின்றுவிடுகிறது. அதன் எதிரியாக நின்ற ஏ.கே.47-இன் சோவியத் தோட்டா, எஃகுக் கரு கொண்டது. ஏறத்தாழ 26 சென்டிமீட்டர் நேராகப் போன பிறகே புரள்கிறது. ஒல்லியான மனிதரின் உடலைக் கடந்து அது வெளியே வந்திருக்கும். அதே துப்பாக்கிக்கு யூகோஸ்லாவியா செய்த ஈயக்கருத் தோட்டா 9 சென்டிமீட்டரிலேயே புரண்டுவிட்டது. மூன்றுமே முழு உறை. மூன்றுமே முனையைப் பார்த்தால் ஒரே சாதி.

ஆகவே நான் கேட்பது இது. சிறு ஆயுதத் தோட்டாக்கள் பற்றிய சர்வதேசச் சட்டம் வடிவத்தோடு விளைவையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒப்புக்கொண்ட ஒரே முறையில் தயாரித்த ஜெலட்டினில், ஒப்புக்கொண்ட சில தொலைவுகளில் சுட்டு, எத்தனை சென்டிமீட்டரில் புரள்கிறது, எவ்வளவு எடை துணுக்காகிறது, எவ்வளவு விரிகிறது என்பதை ஒவ்வொரு நாடும் வெளியிட வேண்டும். இது என் கனவு என்று யாரும் நினைக்க வேண்டாம். மரபு ஆயுதங்கள் பற்றிய ஐ.நா. மாநாடு 1979 செப்டம்பரில் சிறுவாய்த் துப்பாக்கிகளின் காயத்தன்மை குறித்துத் தீர்மானமே நிறைவேற்றி, பொதுவான மதிப்பீட்டு முறை வகுக்கும்படியும், தேவையற்ற கொடுமை கூடாதபடி கவனமாக இருக்கும்படியும் அரசுகளைக் கேட்டுக்கொண்டது. 1990-களிலும் 2001-இலும் சுவிட்சர்லாந்து இதைக் கட்டுப்படுத்தும் நெறிமுறைக்கு முயன்றது. சுவிஸ் ஆய்வாளர்கள் ஜெலட்டினுக்குப் பதில் கிளிசரின் சோப்புக் கட்டியையும் பயன்படுத்துகிறார்கள். அது ஊதிய வடிவத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும், மறுநாள் வந்துகூட அளக்கலாம். கருவி உண்டு, அழைப்பும் உண்டு. கட்டாயப்படுத்தும் விதி மட்டும் வரவில்லை.

ஜெலட்டின் என்ன, மனித உடலா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கட்டிக்கு எலும்பு கிடையாது, தோல் கிடையாது, காற்று நிறைந்த நுரையீரலும் இரத்தம் நிறைந்த கல்லீரலும் கிடையாது. இழுவைத் தாங்காத கல்லீரலும் மூளையும், தசை பொறுத்துக்கொள்ளும் ஊதலிலேயே சிதைந்துபோகும். ஜெலட்டின் அதைச் சொல்லாது. வேட்டைக்காரர்கள் இதைப் பட்டுத் தெரிந்தவர்கள். 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்பவர் சுட்ட தோட்டாக்கள், சேறு காய்ந்து அப்பியிருந்த ஒரு மூஸ் மானின் மேல்தோலிலேயே சிதறி உள்ளே போகாமல் நின்றன. அந்தத் தோல்விதான், நடுவில் தடுப்புச் சுவர் வைத்த தோட்டாவை அவர் வடிவமைக்கக் காரணம். எந்தக் கட்டியிலும் சேறு இல்லை. இப்போது கடையில் கிடைக்கும், குளிரூட்டத் தேவையில்லாத கண்ணாடிபோன்ற செயற்கை ஜெல்லில் படம்பிடித்து, இதுதான் காயம் என்று காட்டுவதும் ஏமாற்றே. எனினும் ஜெலட்டினிடம் நாம் கேட்பது இந்த மனிதர் பிழைப்பாரா என்ற கேள்வியை அல்ல. ஒரே கட்டியில் இந்தத் தோட்டாவும் அந்தத் தோட்டாவும் எப்படி நடந்துகொள்கின்றன என்று மட்டுமே கேட்கிறோம். வெப்பமானி நோயைச் சொல்லாது. அதற்காக மருத்துவர் அதைத் தூக்கி எறிவதில்லை. முனையை மட்டும் பார்க்கும் இன்றைய முறையிலும் எலும்போ கல்லீரலோ இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. விதியை எண்ணால் எழுதினால் ஆயுதம் செய்பவர்கள் எண்ணுக்கு ஏற்றபடி தோட்டா செய்வார்கள் என்பது அது. நடந்திருக்கிறது. 1986 ஏப்ரல் 11-இல் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். எதிராளியின் கையைத் துளைத்து மார்புக்குள் நுழைந்த ஒரு குழிமுனைத் தோட்டா, விரிந்த பிறகு ஆழம் போதாமல் இதயத்துக்கு முன்பே நின்றுவிட்டது; அவர் தொடர்ந்து சுட்டார். அதன் பிறகு எஃப்.பி.ஐ. ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும் என்று வரையறை வைத்தது. துணி, ஒட்டுப்பலகை, கார்க் கண்ணாடி ஆகியவற்றின் வழியாகச் சுட்டும் பார்க்கச் சொன்னது. சில ஆண்டுகளில் சந்தையே அந்த எண்ணைச் சுற்றித் திரும்பியது. இதை எச்சரிக்கையாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கையே தெரிகிறது. ஒரே ஒரு நாட்டின் ஒரே ஒரு புலனாய்வு அமைப்பு, தன் கொள்முதல் விதியை மாற்றியதால் தோட்டாத் தொழிலையே திருப்ப முடிந்தது. ஆழத்துக்கு மட்டும் எண் வைத்தால் ஆழத்துக்கு மட்டும் செய்வார்கள். புரளும் தூரத்துக்கும் சிதறும் எடைக்கும் எண் வைத்தால் அவற்றுக்கும் செய்வார்கள். தேர்வுக்குப் படிக்கிறான் என்று மாணவனைக் குறைசொல்லும்போது வினாத்தாளையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

போர்க்களத்தில் நடைமுறைக்கு ஒத்துவராது என்ற வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. பிடிபட்ட தோட்டாப் பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரிக்கு மூடிய முனை, திறந்த முனை என்ற வேறுபாடு கண்ணால் தெரியும். ஜெலட்டின் காய்ச்சிக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் பழைய விதியை நீக்கச் சொல்லவில்லை. அது வாசலில் நிற்கும் காவலாளி. கணக்குப் பார்ப்பவர் உள்ளே வேண்டும். அந்தக் காவலாளியும் சில சமயம் ஆளை மாற்றிப் பிடிக்கிறார். அமெரிக்கத் தொலைதூரக் குறிசுடுநர்களின் தோட்டா ஒன்றின் முனையில் சிறு துளை இருக்கும். உறையைப் பின்னிருந்து முன்னாக இழுத்து மூடும் முறையால் வருவது அது. குறி பிசகாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். இது தடைசெய்யப்பட்ட தோட்டாவா என்ற சந்தேகம் எழ, விரியச் செய்வதற்கான துளை இதுவல்ல, ஆகவே செல்லும் என்று அமெரிக்க ராணுவச் சட்ட அதிகாரிகள் 1990-இல் எழுதினார்கள். முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் தோட்டாவை வாங்கும் ராணுவமே அதன் குணத்தைச் சொல்ல, நாம் நம்ப வேண்டியிருக்கிறது.

காவல்துறை விஷயத்தில் சட்டம் வேறு திசையில் ஓடுவதையும் சொல்லியாக வேண்டும். பல நாடுகளின் போலீசார் விரியும் தோட்டாவையே வைத்திருக்கிறார்கள். முழு உறைத் தோட்டா குற்றவாளியைத் துளைத்துப் பின்னால் நிற்கும் வழிப்போக்கரையும் துளைக்கும் என்பது அவர்கள் காரணம். கைத்துப்பாக்கியின் குறைந்த வேகத்தில் இந்த வாதம் செல்லும். ரைஃபிளின் வேகத்தில் கதை மாறுகிறது: அதே மென்முனை, அதே விரிவு, ஆனால் ஊதலும் சிதறலும் பல மடங்கு. தொலைவு கூடக்கூட, விரியும் அளவுக்கு வேகமில்லாமல் முழு உறைத் தோட்டாபோலவே துளைத்துப் போவதும் நடக்கும். ஒரே தோட்டா பத்து மீட்டரில் ஒரு விலங்கு, முந்நூறு மீட்டரில் வேறு விலங்கு. எந்தத் தொலைவில், எந்தத் துப்பாக்கியில் என்று கேட்காமல் மென்முனை நல்லதா கெட்டதா என்று விவாதிப்பவர்கள், இருதரப்பிலும், காற்றோடு சண்டை போடுகிறார்கள்.

புதிய ஆயுதம் வாங்கும் அரசு அது சட்டத்துக்கு ஒத்ததா என்று பரிசீலிக்க வேண்டும் என்கிறது ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 முதல் கூடுதல் நெறிமுறை, 36-ஆம் பிரிவில். இந்தியா அதில் சேரவில்லை. சேர்ந்த நாடுகளும் பரிசீலனையின் முடிவை வெளியிடக் கடமைப்பட்டவை அல்ல. பாதுகாப்பு ரகசியம் என்று காரணம் சொல்லப்படும். துப்பாக்கியின் எட்டும் தூரமும் கவசம் துளைக்கும் திறனும் ரகசியமாக இருக்கட்டும். ஒரு ஜெலட்டின் கட்டியில் தோட்டா எத்தனை சென்டிமீட்டரில் புரண்டது என்பதை எதிரி தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறான்? அவனும் ஒரு பெட்டி தோட்டா கைப்பற்றினால் தானே சுட்டுப் பார்த்துக்கொள்வான்.

ஃபேக்லர் அப்படித்தான் மேற்கு ஜெர்மனியின் 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவைச் சுட்டுப் பார்த்தார். அமெரிக்கா செய்த அதே அளவு நேட்டோ தோட்டா கட்டிக்குள் புரண்டும் முழுதாகவே வெளியேறியது. ஜெர்மானியத் தோட்டா புரண்டதும் உடைந்து சிதறி, பல மடங்கு பெரிய பள்ளத்தைத் தோண்டியது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே: முனை மூடியது, ஹேக் பிரகடனத்துக்கு இணங்கியது, ஒரே கூட்டணியின் முத்திரை பெற்றது. அறுத்துப் பார்த்தபோது, நடுவரிப் பள்ளத்தின் அருகே அமெரிக்க உறையின் தடிமன் சுமார் 0.8 மி.மீ., ஜெர்மானிய உறையுடையது சுமார் 0.5 மி.மீ. உறை எந்த உலோகத்தில், எவ்வளவு தடிமனில் இருக்க வேண்டும் என்று நேட்டோவின் தரவிதியில் ஒரு வரிகூட இல்லை.